நம்ப வேண்டிய டோடோ

"நான் என்ன பார்த்தேன்னு மட்டும் கேக்காதீங்க மேடம். மத்தது எது வேணா கேளுங்க."

இதைச் சொல்லிவிட்டு ஆதிகேசவன் தலையைக் குனிந்துகொண்டார். அறுபதைத் தாண்டிய மனிதர். பெங்களூர் அல்சூரில் பெயின்ட் கடை. அதைவிடப் பெரிய விஷயம், தென்றல் தமிழ் மன்றத்தின் தலைவர். மைக்கைப் பிடித்தால் குறிப்புத்தாள் எதுவும் இல்லாமல் கூட்டத்தைக் கட்டிப்போடுவார் என்று பெயர். அப்பேர்ப்பட்ட வாய், கடையின் உள்ளறையில் டிஸ்டெம்பர் டப்பாக்களுக்கு நடுவே வார்த்தை கிடைக்காமல் தவித்தது.

எதிரில் ஸ்ரீரஞ்சனி. மல்லேஸ்வரத்துக்காரி. வங்கியின் மோசடித் தடுப்புப் பிரிவில் இருந்தவள், இப்போது சொந்தமாகத் துப்பறிகிறாள். பக்கத்தில் உதவியாளன் கிளிஃபர்ட். கைகால் எட்டு மணி நேரம்தான் வேலை செய்யும். வாய்க்கு மட்டும் ஓவர்டைம். அவள் அவனைக் கிளி என்றே கூப்பிடுவாள், பொருத்தம் கருதி.

"சரி சார், கேக்கல. நடந்ததைச் சொல்லுங்க," என்றாள் ஸ்ரீரஞ்சனி.

"போன்ல வி.பி.என். போட்டேன். நாம எந்த சைட்டுக்குப் போறோம்னு வெளியில யாருக்கும் தெரியாதாமே. தெனம் விடியக்காலைல, வீட்ல மத்தவங்க எழுந்துக்கறதுக்கு முன்னாடி, கதவைச் சாத்திக்கிட்டு... ஒண்ணு பாப்பேன்."

கிளிஃபர்ட் ஒரு பெயின்ட் டப்பாவைப் பார்த்தபடி இருமினான். உலகம் முழுவதும் அந்த இருமலுக்கு ஒரே அர்த்தம்தான். ஆதிகேசவன் தலை இன்னும் கொஞ்சம் இறங்கியது.

"போன வாரம் வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் வந்துது. தெரியாத நம்பர். 'வெட்கப்பட வேண்டும். எங்களுக்குத் தெரியும்.' அப்பிடின்னு போட்டிருந்தான். அன்னிலேர்ந்து சோறு எறங்கல மேடம்."

"பணம் கேட்டாங்களா?"

"இல்ல."

"எங்கயாவது வரச் சொன்னாங்களா?"

"இல்ல."

"ஒண்ணுமே கேக்காத பிளாக்மெயிலரா?" என்றான் கிளிஃபர்ட். "நம்ம ஊர்ல மழை பேஞ்சா ஆட்டோக்காரன்கூட ரெண்டு மடங்கு கேக்கறான். இவன் மகானா இருப்பான்போல மேடம்."

"மெசேஜைக் காட்டுங்க சார்."

"அழிச்சுட்டேன்." கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. போன் சட்டைப்பையில் இருந்தது. அதன் மேல் அவர் கையும் இருந்தது.

"யார் மேலயாவது சந்தேகம்?"

இதற்கு மட்டும் மேடைக் குரல் திரும்பியது. "சந்தேகம் என்ன, நிச்சயம்! அபினவ்னு ஒரு பையன். எங்க மன்ற உறுப்பினர்தான். சாஃப்ட்வேர்ல இருக்கான். போன மாசம் இன்டர்நெட்ல ஜாக்கிரதையா இருக்கறது எப்படின்னு போஸ்டர் ஒட்டினான். அதுல டோடோ டனல்னு ஒரு வி.பி.என்.னை நம்பணும்னு பெருசா போட்டிருந்தான். நம்பித்தான் இறக்கினேன். அவன் சொன்ன ஆப்பு, அவன்தான் பின்னாடி உக்காந்து பாக்கறான். இன்னிக்கு சாயங்காலம் கமிட்டி கூடுது. அவனை மன்றத்துலேர்ந்து தூக்கிட்டு நேரா போலீஸ் ஸ்டேஷன்தான். புதுக் கம்பெனில சேரப் போறானாம். சேரட்டும், பாத்துக்கறேன்."

"போலீஸ்காரங்களும் நீங்க என்ன பாத்தீங்கன்னு கேப்பாங்களே சார்?"

ஏறிய குரல் அப்படியே உட்கார்ந்தது. "அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன். அதைக் கேக்காம, அவன்தான்னு கண்டுபிடிச்சுக் குடுங்க."

வெளியிலிருந்து கடைப்பையன் ஒரு டப்பாவைத் தூக்கி வந்து ஷேட் நம்பர் கேட்டான். மூடியின் ஓரத்தில் எறும்பு ஊர்ந்தது போல் இங்கிலீஷில் அச்சடித்திருந்த எண்ணை, ஆதிகேசவன் கண்ணாடி இல்லாமலேயே தூரத்திலிருந்து படித்துச் சொன்னார். நல்ல கண் என்று ஸ்ரீரஞ்சனி நினைத்துக்கொண்டாள்.

கிளிஃபர்ட்டின் கண் மேஜைமேல் போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆண்டு விழாவுக்கான அழைப்பிதழ், அச்சாவதற்கு முந்தைய புரூஃப். ஓரத்தில் கமிட்டிக்காரர்கள் ஐந்து பேரும் வரிசையாக ஓகே போட்டு இனிஷியல் வைத்திருந்தார்கள்.

"சார், ஞாயித்துக்கிழமை காமெடி புரோகிராமா?"

"ஏம்பா?"

"'சிரிப்புரை: திரு. ஆதிகேசவன்'னு இருக்கே."

"சிறப்புரைப்பா."

"பேசறது சிறப்புரைதான் சார். போட்டிருக்கறது சிரிப்புரை."

ஆதிகேசவன் தாளைப் பிடுங்கிக்கொண்டார். அவர் விரல் வரிகளின் மேல் ஓடி, நன்றியுரை என்று அச்சாகியிருந்த இடத்தில் போய் நின்றது. "ஆமாமா... பிரஸ்காரன் கவனிக்கல," என்று முணுமுணுத்துவிட்டுத் தாளை இழுப்பறைக்குள் தள்ளினார். ஸ்ரீரஞ்சனி அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

மன்றம் இரண்டு தெரு தள்ளி, ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருந்தது. செயலாளர் கோமளம் கதவைத் திறந்துவிட்டார். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தலைவரைப் பற்றிக் கேட்டதும் முகம் மலர்ந்தது.

"எங்க தலைவரா? பேப்பரையே தொட மாட்டார். அத்தனை செய்யுளும் மனப்பாடம். பாராட்டுப் பத்திரம் படிக்கிற அன்னிக்கு மட்டும் மூக்குக் கண்ணாடிய மறந்துட்டு வந்துடுவார். வருஷா வருஷம்! இந்தத் தடவை கண்டிப்பா நீங்கதான் படிக்கணும்னு நாங்க எல்லாரும் சொல்லிட்டோம்."

"அவர் படிக்கலன்னா இதுவரைக்கும் யார் படிச்சாங்க?"

"வந்த விருந்தாளி கைல குடுத்துடுவோம்."

"நீங்க படிக்கலாமே மேடம்? டீச்சர் குரல்."

"எனக்குத் தொண்டை ஒத்துக்காது," என்று கோமளம் உடனே ஒரு மாதிரி கனைத்துக் காட்டிவிட்டு, நாற்காலிகளைச் சரிசெய்யப் போய்விட்டார்.

அறிவிப்புப் பலகையில் அந்தப் போஸ்டர் இருந்தது. நடுவில் கொழுத்த டோடோ பறவை, கையில் பூட்டு. கீழே டோடோ டனல் என்று ஆங்கில எழுத்து. மேலே சிவப்பு மையில், தமிழில், கொட்டை எழுத்தில் ஒரே வரி.

கிளிஃபர்ட் படித்தான். திரும்பவும் படித்தான். "மேடம், 'இதை நம்ப வேண்டாம்'னுல்ல எழுதிருக்கான்?"

"ஆமா."

"நம்பச் சொன்னான்னு சார் சத்தியம் பண்றாரே?"

ஸ்ரீரஞ்சனி பதில் சொல்வதற்குள் படியேறி வந்தான் அபினவ். ஓசூரில் பள்ளிப் படிப்பு, பெங்களூரில் வேலை. போலீஸ் பேச்சு அவன் காதுக்கும் எட்டியிருந்தது. முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"நான் எதுக்கு மேடம் அதை நம்பச் சொல்லப் போறேன்? அதோட சைட்டுல கம்பெனி யாருதுன்னே இல்ல. அட்ரஸ் இல்ல. வெளியாளை வெச்சுத் தணிக்கை பண்ணினதா ஒரு வார்த்தை இல்ல. ஆனா சேரும்போது போன் நம்பர், வயசு எல்லாம் கேக்கறான். பிரைவசி பாலிசி நடுவுல, 'கூட்டாளிகளோட பகிர்ந்துக்குவோம்'னு ஒரு வரிய ஒளிச்சு வெச்சிருக்கான்."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லு பிரதர்," என்றான் கிளிஃபர்ட். "நான் படிச்சது பி.காம்."

"பஸ்ஸுல போனா நாலு பேர் பாக்கறாங்கன்னு கறுப்புக் கண்ணாடி போட்ட டாக்ஸி எடுக்கறீங்க. ரோட்ல இருக்கறவனுக்குத் தெரியாது. ஆனா எங்க எறங்கினீங்கன்னு டிரைவருக்குத் தெரியுமா தெரியாதா? வி.பி.என்.ங்கறது அந்த டிரைவர்தான். வாடகையே வாங்காம ஓட்டறான்னா, அவன் எதை வித்துப் பொழைக்கிறான்? நீங்க எறங்கின எடத்தைத்தான். அதனால முதல்ல டிரைவர் யாருன்னு பாக்கணும். கண்ணாடி எவ்வளவு கறுப்புங்கறதெல்லாம் அப்புறம்."

"போஸ்டரைப் பாத்துட்டு யாராவது வந்து சந்தேகம் கேட்டாங்களா?" என்றாள் ஸ்ரீரஞ்சனி.

"சந்தேகம் யாரும் கேக்கல. ஆனா கமிட்டிப் பெரியவங்க ஒவ்வொருத்தரா வந்து 'தேங்க்ஸ்பா, போட்டுட்டேன்'னாங்க. ஏதோ நல்லதாப் பாத்துப் போட்டிருப்பாங்கன்னு நெனச்சேன்." அவன் ஸ்ரீரஞ்சனி பக்கம் திரும்பினான். "மேடம், போலீஸ்ல என் பேர் போச்சுன்னா புது ஆபீஸ்ல விசாரிக்கும்போதே நிறுத்திடுவாங்க. பழைய வேலைய விட்டாச்சு. அம்மாகிட்ட இன்னும் சொல்லல. நான் எதுவுமே பண்ணல மேடம்."

"தெரியும். சாயங்காலம் கூட்டத்துக்கு வா," என்றாள் அவள்.

கீழே இறங்கியதும் கிளிஃபர்ட்டுக்கு வாய் துறுதுறுத்தது. "கேஸ் க்ளியர் மேடம். டோடோகாரன் வித்துட்டான். வாங்கினவன் சாரோட விடியக்கால சமாச்சாரத்தைத் தெரிஞ்சுக்கிட்டு மெரட்டறான். பாவம், இந்த வயசுல போய் அந்த மாதிரிப் படத்தை..."

"கிளி, நல்லா இருக்கற கண்ணுக்கு ஒரு மனுஷன் எதுக்கு வருஷா வருஷம் கண்ணாடிய மறக்கணும்?"

கிளிஃபர்ட் வாயைத் திறந்தான். நடந்துகொண்டே யோசித்தான். பெயின்ட் கடை வாசல் வருவதற்குள் அவனுக்கு விளங்கிவிட்டது; அந்த இருமலை எங்கே கொண்டுபோய் ஒளித்துவைப்பது என்று தெரியாமல் அவன் முகம் சுருங்கியது.

*

உள்ளறைக் கதவை ஸ்ரீரஞ்சனியே சாத்தினாள்.

"சார், நீங்க எந்த மீடியத்துல படிச்சீங்க?"

"கன்னடம். அந்தக் காலத்துல எங்க ஏரியாவுல... ஏன்?"

"நானும் கன்னட மீடியம்தான். வீட்ல தமிழ், ஸ்கூல்ல கன்னடம். காலேஜ் முடிச்சு வேலைக்குப் போனப்புறம்தான் தமிழ் எழுத்தே கத்துக்கிட்டேன். ஆரம்பத்துல 'பாட்டுக் கேட்டாள்'ங்கறதை 'புட்டுக் கேட்டாள்'னு படிச்சு, ஒரு கூட்டமே சிரிச்சுது."

ஆதிகேசவன் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கோ வடிந்துபோயிற்று. அவர் கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று.

"மெசேஜை நீங்க அழிக்கல. குடுங்க சார். நான் படிச்சுக் காட்டறேன்."

அவர் போனைத் திறந்து, யாரோ கழுத்தில் கத்தி வைத்திருப்பது போல், நீட்டினார். மேல் ஓரத்தில் வி.பி.என். ஓடுவதைக் காட்டும் சின்னச் சாவி அடையாளம், பக்கத்தில் டோடோ. வந்திருந்தது ஒரு படம். வண்ண வண்ணமாகப் பலூன்கள், நடுவில் தமிழ் எழுத்து.

ஸ்ரீரஞ்சனி நிதானமாகப் படித்தாள். "'வெட்கப்பட வேண்டாம்! எங்களுக்குத் தெரியும், எந்த வயதிலும் எழுத்து வரும். பெரியவர்களுக்கான அரிச்சுவடி வகுப்பு. முதல் பாடம் இலவசம்.'"

"விளம்பரம் சார். ஒரு டியூஷன் சென்டர்காரன். உங்க நம்பரு, உங்க வயசு, தெனம் காலைல போற சைட்டு, இது மூணையும் டோடோ வித்திருக்கு. அவன் வாங்கியிருக்கான். மெரட்டல் இல்ல."

"வேண்டும்னுதானே..." அவர் போனைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"கன்னடத்துல ட எழுத்துக்கு வலது பக்கம் கொக்கி போட்டா என்ன?"

"டு."

"தமிழ்ல ட எழுத்துக்கு வலது பக்கம் கால் போட்டா?"

அவர் உதடு அசைந்தது. ஒவ்வொரு எழுத்தாக, விரலை வைத்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போல. "வே... ண்... டா... டாம்." தலையை நிமிர்த்தினார். "போஸ்டர்லயும் இதே வார்த்தைதானா?"

"இதே வார்த்தைதான். நம்ப வேண்டாம்னு அந்தப் பையன் கொட்டை எழுத்துல எழுதிவெச்சான். நீங்க நம்ப வேண்டும்னு படிச்சீங்க."

துணைக்கால் என்று அந்த எழுத்துக்குப் பெயர். துணைக்கு வந்தது மனிதரின் காலை வாரிவிட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஆதிகேசவனுக்கு ஒரு பலூன் விளம்பரமே பேயாகிவிட்டிருந்தது.

"முதல் வரிக்கு மேல படிக்க தைரியம் வரல," என்றார் அவர். "வேற ஆப்புல போட்டு அர்த்தம் பாக்கலாம்னா, அதுவும் போய் எவன்கிட்டயாவது சொல்லிட்டா? எனக்கு எல்லாம் காதுதான் மேடம். ரேடியோல கேட்டது, கூட்டத்துல கேட்டது. கேட்டா மறக்காது. ஒரு தடவை பேசினேன், கைதட்டினாங்க. அப்புறம் தலைவராக்கிட்டாங்க. அன்னிக்கே சொல்லிருக்கணும். சொல்லல. ஒவ்வொரு வருஷமும் சொல்றது இன்னும் கஷ்டமாச்சு. தமிழ் மன்றத் தலைவனுக்கு அ, ஆ தெரியாதுன்னா காறித் துப்ப மாட்டாங்களா? ஞாயித்துக்கிழமைக்குள்ள எப்படியாவது அந்தப் பத்திரத்தைப் படிச்சிடணும்னுதான் காலைல உக்காந்து..."

முடிக்காமல் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். கிளிஃபர்ட் ஒரு ஸ்டூலை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். "சார், காலைல நான் ஒரு மாதிரி இருமினேன். மன்னிச்சுக்கோங்க," என்றான். அன்று முழுவதும் அவன் பேசியதில் நகைச்சுவை இல்லாத வாக்கியம் அது ஒன்றுதான்.

"கமிட்டில 'அது வெறும் விளம்பரம், தப்பா நெனச்சுட்டேன்'னு மட்டும் சொன்னாப் போதும் சார். பையன் தப்பிச்சுடுவான். மத்தது உங்க இஷ்டம்," என்றாள் ஸ்ரீரஞ்சனி.

"அவன் நம்பச் சொன்னான்னு நீங்க ஏன் சொன்னீங்கன்னு கேப்பாங்களே? அதுக்கு நான் என்ன சொல்றது?"

ஸ்ரீரஞ்சனி சாத்திய கதவைத் திறந்தாள்.

*

மேஜையைச் சுற்றிக் கமிட்டிக்காரர்கள் ஐந்து பேர். தலைவர், கோமளம், பொருளாளர் சீனிவாசராகவன், இன்னும் இரண்டு பெரியவர்கள். அபினவ் சுவரோரமாக நின்றான். அவனுக்கு யாரும் நாற்காலி காட்டவில்லை.

"ஆரம்பிக்கலாமா தலைவரே?" என்றார் சீனிவாசராகவன். "இந்த மாதிரிப் பசங்களை ஆரம்பத்துலயே நறுக்கணும். டோடோ டனலை நம்புன்னு போஸ்டர் ஒட்டி ஊரையே ஏமாத்திருக்கான். நானே என் கண்ணால படிச்சேன்."

கிளிஃபர்ட் சட்டென்று ஸ்ரீரஞ்சனியைப் பார்த்தான். அவள் ஆதிகேசவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் எழுந்து நின்றார். மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"போஸ்டர்ல நம்ப வேண்டாம்னுதான் இருக்கு. நான்தான் தப்பாப் படிச்சேன். ஏன்னா..." நிறுத்தினார். மைக் முன்னால் ஒரு தடவைகூடத் திக்காத நாக்கு. "ஏன்னா எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. எழுதவும் தெரியாது. பேசத்தான் தெரியும். இத்தனை வருஷமா உங்களை ஏமாத்தினேன். அதை மறைக்கறதுக்காக இந்தப் பையன் தலைல பழியப் போட்டேன். கேவலமா இருக்கு. நீங்க என்ன முடிவு எடுத்தாலும் சரி." அபினவ் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். "மன்னிச்சுடு தம்பி."

காறித் துப்புவார்கள் என்று காத்திருந்தார். யாரும் வாயைத் திறக்கவில்லை. அதுதான் வினோதம்.

ஸ்ரீரஞ்சனி கைப்பையிலிருந்து அழைப்பிதழ் புரூஃபை எடுத்தாள். கடையை விட்டுக் கிளம்பும்போது கேட்டு வாங்கி வந்திருந்தாள். அதை மேஜை நடுவில் வைத்தாள். "இதுல சிறப்புரைக்குப் பதிலா சிரிப்புரைன்னு இருக்கு," என்றாள். சிரிப்புரை என்ற வரிக்குப் பக்கத்தில் ஐந்து ஓகே.

சீனிவாசராகவன் தாளைப் பார்த்தார். பிறகு, என் கண்ணால படிச்சேன் என்று அவர் வீசிய வார்த்தை அவருக்கே திரும்பி வந்து உறைத்திருக்க வேண்டும். காது நுனிவரை கறுத்துப்போனது.

மேஜைமேல் ஐந்து போன்கள் கிடந்தன. அந்த நேரம் பார்த்துக் கோமளத்தின் போனில் ஏதோ வந்து திரை ஒளிர்ந்தது. மேல் ஓரத்தில் சாவி அடையாளம், பக்கத்தில் கொழுத்த டோடோ.

கோமளம் அவசரமாகப் போனைக் கவிழ்த்தார். அடுத்து சீனிவாசராகவன் தன்னுடையதைக் கவிழ்த்தார். மற்ற இரண்டு பெரியவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஏதோ மேஜையைத் துடைப்பது போல, தத்தம் போனைக் கவிழ்த்து வைத்தார்கள். ஆதிகேசவனுடையது மட்டும் முகம் மேலே தெரியக் கிடந்தது.

அபினவ் எல்லாவற்றையும் பார்த்தான். கோபப்பட அவனுக்கு உரிமை இருந்தது. கொஞ்சநேரம் கோபமாகவே நின்றான். பிறகு மேஜையருகே வந்து, தலைவர் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியை அவனே இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"ஒவ்வொருத்தரா போனைக் குடுங்க. மொதல்ல டோடோவ எடுத்துடலாம்."

போன்கள் தயங்கித் தயங்கி அவன் பக்கம் நகர்ந்தன. யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இத்தனை ஆண்டுகள் ஒருவருக்கொருவர் பயந்து, ஒரே பொய்யை ஐந்து இடத்தில் தனித்தனியாகக் காவல் காத்திருக்கிறார்கள்.

கோமளம் தொண்டையைக் கனைத்தார். இந்தத் தடவை நிஜமாகவே அடைத்திருந்தது.

"தலைவரே... காலைல நீங்க பாக்கற அந்த சைட்டு, அதோட பேர் என்ன?"

துப்பறிய வந்தவர்களிடம்கூடச் சொல்ல மறுத்த பெயர். ஆதிகேசவன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அணில்குட்டி," என்றார். "சின்னப் புள்ளைங்களுக்கானது. பாட்டெல்லாம் வரும்மா, சத்தத்தைக் கொறச்சு வெச்சுக்கோங்க."